கரும்புள்ளியும் மின்னலும்: வலி இல்லை என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதிலிருந்தே மைனஸ் 7 கண்ணாடி போடுகிறார். மூன்று நாளாக வலது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன, இருட்டில் கண் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது என்கிறார். வலியோ சிவப்போ இல்லை. எழுத்தும் நன்றாகத் தெரிகிறதாம். வழக்கமான கண் பரிசோதனை அடுத்த மாதம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா? விழித்திரை விலகல் என்கிறார்களே, அது இதுதானா?

பொறுக்க வேண்டாம். இன்றே அழைத்துப் போங்கள். பாவையை, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையை அதன் ஓரம் வரை பார்க்கிற வசதி உள்ள இடமாகப் பார்த்துப் போங்கள். மீதியைப் போகிற வழியில் படிக்கலாம்.

போன் செய்யும்போது "அம்மாவுக்குக் கண் காட்டணும்" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் கொடுத்துவிடுவார்கள். "58 வயசு, மைனஸ் 7 பவர், மூணு நாளா ஒரு கண்ணுல புதுசா கரும்புள்ளி, ஓரத்துல மின்னல்" என்று அப்படியே சொல்லுங்கள். இவை சேர்ந்து வந்தால் என்ன பொருள் என்று கண் மருத்துவமனையில் இருப்பவர்களுக்குத் தெரியும். போன் எடுத்தவருக்குத் தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நான் விழித்திரைப் பிரிவில் பார்வைப் பரிசோதகராக வேலை செய்கிறேன். அறுவை சிகிச்சை செய்வது மருத்துவர். அவரிடம் போவதற்கு முன் நோயாளியை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதும் சொட்டு மருந்து போடுவதும் என் வேலை. உங்கள் கேள்வியில் "எழுத்தும் நன்றாகத் தெரிகிறது" என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததும்தான் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். உங்கள் அம்மா வயதுக்காரர் ஒருவர் இதே குறையோடு வந்தார். பலகையின் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார், 6/6. அன்று கூட்டம் அதிகம். பார்வை முழுதாக இருக்கிறதே என்று அவர் சீட்டில் "அவசரமில்லை" என்று குறித்தது நான்தான். பாவையை விரிக்காமலே நாலு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினோம். நாலாம் நாள் உள்ளே வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் நிலை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பலகையின் முதல் எழுத்து, மிகப் பெரியது, அதுவும் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. என் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்து எண்ணச் சொன்னேன். அறுவை சிகிச்சையில் விழித்திரை ஒட்டியது. மாதங்கள் கழித்துப் பாதிப் பலகை வரை படித்தார். ஆனால் கதவு நிலை இப்போது நேராக நிற்கவில்லை, நடுவில் வளைந்து தெரிகிறது என்றார். அந்த வளைவு பிறகு போகவே இல்லை.

எழுத்துப் பலகையைப் படிப்பது விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதி. மாக்குலா என்பார்கள், குறுக்களவு 5 முதல் 6 மில்லிமீட்டர். படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. விழித்திரை கிழிவதோ பெரும்பாலும் ஓரத்தில். ஓரம் கிழிந்து, பாதி விழித்திரை கழன்று தொங்கினாலும், கழன்ற பகுதி மாக்குலாவை எட்டாதவரை ஒருவரால் கடைசி வரியைப் படித்துவிட முடியும். எழுத்து தெரிகிறது என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள். அம்மாவிடம் காப்பாற்ற வேண்டிய பார்வை முழுதாக இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். கிளம்ப இதைவிட நல்ல நேரம் இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கண் ஓர் உருண்டை. அதன் பின்பக்க உட்சுவர் முழுவதையும் மூடியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. தடிமன் அரை மில்லிமீட்டருக்குள்தான். ஒளியை உணரும் செல்கள் மட்டுமே அதில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குப் பிராணவாயுவும் சத்தும் வருவது பின்னால் ஒட்டியிருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவே நிறமிச் செல்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. கசியும் நீரை அவை ஓயாமல் உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. விழித்திரை சுவரோடு படிந்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்த உறிஞ்சல்தான். பார்வை நரம்பு கிளம்பும் இடத்திலும் முன்பக்க விளிம்பிலும்தான் அதற்கு உறுதியான பிடிப்பு. இடைப்பட்ட பரப்பு முழுக்கச் சும்மா படிந்து நிற்பதுதான்.

அந்த உருண்டைக்குள் சுமார் 4 மில்லி தெளிவான கூழ் நிறைந்திருக்கிறது. விட்ரியஸ் என்று பெயர். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதி பெரும்பாலும் கொலாஜன் நாரும் ஹயலூரோனிக் அமிலமும். இளம் வயதில் கெட்டியாக இருக்கும் இந்தக் கூழ் வயது ஏற ஏறக் குழைந்து நீராகிறது, சுருங்குகிறது, ஒரு நாள் விழித்திரையை விட்டுப் பிரிந்து முன்னால் வந்துவிடுகிறது. தலை நரைப்பது போல இது பெரும்பாலானோருக்கு நடப்பது, அதுவும் 50 வயதுக்கு மேல். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்குச் சில வருடங்கள் முன்னதாகவே நடக்கும். பிரியும்போது கூழில் திரண்ட நார்கள் விழித்திரையின் மேல் நிழல் போடுகின்றன. அம்மா பார்க்கும் கரும்புள்ளி, நூல், கொசு, சிலந்தி வலை எல்லாம் அந்த நிழல்கள்தான். அவர் பார்வையைத் திருப்பினால் கூடவே திரும்பும், நிறுத்தினால் கொஞ்சம் ஆடி நிற்கும்.

மின்னலுக்குக் காரணம் இழுப்பு. கூழ் சில இடங்களில் விழித்திரையை விடாமல் பிடித்துக்கொண்டு இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அழுத்தினாலும் இழுத்தாலும் கிழித்தாலும் அதற்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம்தான். அதனால்தான் கண்ணுக்குள் ஒரு படலம் கிழிந்துகொண்டிருக்கும்போதுகூட மனிதர் நிம்மதியாகத் தூங்கி எழ முடிகிறது. என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை "வலிக்கவே இல்லையே" என்பதுதான். கண்ணில் தூசி விழுந்தால் பாதி ராத்திரியில் ஓடி வருகிறோம். விழித்திரை கிழிந்தால் மூன்று வாரம் கழித்து வருகிறோம்.

கூழ் பிரியும்போது பெரும்பாலானவர்களுக்கு விழித்திரைக்கு ஒன்றும் ஆவதில்லை. புள்ளிகள் சில மாதத்தில் மங்கிப் பழகிவிடும், மின்னல் நின்றுவிடும். அம்மாவுக்கும் அப்படியே இருக்கக்கூடும். ஆனால் இப்படிப் புதிதாக அறிகுறியோடு வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பரிசோதனையில் கிழிசல் தெரிகிறது. கரி தூவியது போலப் புள்ளிகள் குபுகுபுவென்று கொட்டினால், கிழிந்த இடத்தில் ஒரு ரத்தக்குழாயும் அறுந்து ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது கிழிசல் இருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பதைப் புள்ளியின் எண்ணிக்கையை வைத்தோ மின்னலின் பளிச்சை வைத்தோ வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

கிழிசலைக் கண்ணால் பார்த்தால் அது குதிரை லாட வடிவில் இருக்கும். லாடத்தின் நடுவில் ஒரு மடல் தூக்கி நிற்கும். அந்த நுனியைக் கூழ் இன்னும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். திறந்த வாய் வழியாகப் பின்னாலிருக்கும் படலம் செக்கச் செவேலென்று தெரியும். நீராகிப்போன கூழ் அந்த வாய் வழியே விழித்திரைக்குப் பின்னால் புகுகிறது. சுவரில் நீர் கோத்துப் பெயிண்ட் உப்பிக் கழல்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கழன்ற பகுதி சிவப்பு மாறிச் சாம்பல் நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக, கண் அசையும்போது தண்ணீருக்கடியில் துணி அலைவது போல அலையும். முதன்முதலாக அதைப் பார்த்த அன்று நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கழன்ற இடத்துச் செல்களுக்குப் பின்னாலிருந்து வரவேண்டிய பிராணவாயு எட்டாது. அவை உடனே சாவதில்லை, ஆனால் நாள் போகப் போகச் சாகின்றன. செத்த செல்லைத் திரும்ப முளைக்க வைக்க மருந்து கிடையாது.

இழுப்பு, கிழிசல், விலகல் என்று இது மூன்று படி. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில வாரம். இரண்டாம் படியில் பிடித்துவிட்டால் வேலை சுலபம். உட்கார்ந்த நிலையிலேயே, சொட்டு மருந்தால் மரத்துப்போன கண்ணில், கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை லேசர் புள்ளி போடுவார்கள். நிமிடக் கணக்கில் முடியும். அல்லது வெளியிலிருந்து குளிர்க்கருவியால் உறைய வைப்பார்கள். அந்த இடம் தழும்பாகிச் சுற்றிலும் தையல் போட்டது போல இறுகிக்கொள்ளும். முழுதாக இறுக 10 முதல் 14 நாள் ஆகும். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். அறிகுறியோடு வந்த லாடக் கிழிசலை அப்படியே விட்டால் பாதிப்பேர் வரை விலகலுக்குப் போகிறார்கள். லேசர் போட்டவர்களில் மிகச் சிலர்தான் போகிறார்கள். மூன்றாம் படி என்றால் அறுவை சிகிச்சை அரங்கம், வாரக்கணக்கில் ஓய்வு, மாதக்கணக்கில் காத்திருப்பு.

விலகல் வந்துவிட்டதற்கான அறிகுறி நிழல். ஓரத்திலிருந்து ஒரு திரை விழுவது போல, அல்லது கீழேயிருந்து தண்ணீர் மட்டம் ஏறுவது போலப் பார்வையை மறைக்கும். நிழல் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் விழித்திரை கழன்றிருக்கும். கீழே நிழல் என்றால் மேலே விலகல். மேலே தொடங்கிய விலகல் பொல்லாதது. பின்னால் புகுந்த நீர் தன் எடையாலேயே கீழே இறங்கி மாக்குலாவை நோக்கி வரும். அப்படிப்பட்டவர்களை அறுவை சிகிச்சை வரை எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லி அசையாமல் படுக்க வைப்பார்கள். அம்மா "கீழே ஏதோ மறைக்குது" என்று சொன்னால் இன்று மாலை வரைகூடத் தள்ளாதீர்கள். அன்றே அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருப்பதால், சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விழித்திரை மருத்துவர் முதலில் கேட்பது மாக்குலா ஒட்டியிருக்கிறதா, போய்விட்டதா என்பதைத்தான். ஒட்டியிருந்தால் அது அவசரம்; முடிந்தால் அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை செய்துவிடப் பார்ப்பார்கள், பெரும்பாலும் நல்ல பார்வை மிஞ்சும். கழன்றுவிட்டிருந்தால், சில நாட்களுக்குள் ஒட்டவைத்தால் கணிசமாகத் திரும்பும். ஒரு வாரம் தாண்டத் தாண்ட மிஞ்சுவது குறையும். பார்வை ஒரு வருடம் வரை மெல்லத் தேறிக்கொண்டே வரும், ஆனால் நேர்கோடு வளைவதும் நிறம் மங்குவதும் பலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது.

ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்று கேட்டால், வலி இல்லாதது ஒரு காரணம். இரண்டு கண் இருப்பது இன்னொரு காரணம். ஒரு கண்ணின் ஓட்டையை மற்ற கண் அடைத்துவிடுகிறது, மிச்சத்தை மூளை நிரப்பிவிடுகிறது. ஒருவர் கண்ணாடி மாற்ற என்று வந்தார். சில நாளாகக் கண்ணாடி அழுக்காக இருப்பது போலத் தோன்றுகிறதாம், துடைத்துத் துடைத்துப் பார்த்தாராம். வலது கண்ணை மூடச் சொல்லி மறைப்பானைக் கையில் கொடுத்தேன். மூடினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "லைட்டை அணைச்சிட்டீங்களா சார்?" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் இடது கண் எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது.

எனவே இப்போதே ஒன்று செய்யுங்கள். அம்மாவை எதிரே உட்கார வைத்து, கண்ணாடி போட்டபடியே இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். வலது கண்ணால் உங்கள் மூக்கையே பார்க்கட்டும். உங்கள் விரலை மேலே, கீழே, இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள். எந்தப் பக்கமாவது விரல் தாமதமாகத் தெரிந்தாலோ, ஒரு மூலை இருட்டாக இருந்தாலோ, போனில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள். சின்னக் கிழிசல் இந்தச் சோதனையில் அகப்படாது.

எல்லா மின்னலும் விழித்திரையிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வீணாகப் பயப்படுவார்கள். ஒற்றைத் தலைவலியின் வெளிச்சம் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து, மினுங்கிக்கொண்டே பெரிதாகி, 20, 30 நிமிடத்தில் மறையும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும், ஏனென்றால் அது பிறப்பது மூளையில். பின்னாலேயே பெரும்பாலும் தலைவலி வரும். விழித்திரை மின்னல் ஒரு கண்ணில் மட்டும், ஓரத்தில் வில் போல வெட்டி நொடியில் போய்விடும். இருட்டில், கண்ணைத் திருப்பும்போது அதிகம் தெரியும். வருடக்கணக்காக ஒன்றிரண்டு புள்ளி மட்டும், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது தெரிந்து, மாறாமல் இருந்தால் அதுவும் அவசரமில்லை. புதிதாக வந்தது, திடீரென்று கூடியது, மின்னலோடு சேர்ந்தது, நிழலோடு சேர்ந்தது, இவைதான் ஓட வேண்டியவை.

அம்மாவின் மைனஸ் 7 பற்றித் தனியாகச் சொல்கிறேன். கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் முன்பின்னாக நீண்ட கண். அதே விழித்திரை நீண்ட சுவரில் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கும், ஓரங்கள் மெலிந்திருக்கும். மைனஸ் 3க்கு மேல் பவர் உள்ளவர்களுக்கு விலகல் வரும் வாய்ப்பு, பவர் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. பொதுவாக வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் ஒருவருக்கு வருவது இது. பத்து மடங்கு என்றாலும் அபூர்வம்தான். ஆனால் அறிகுறி வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது, பத்தில் ஒருவருக்குக் கிழிசல் என்ற கணக்குதான் செல்லும். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் பலர் தங்களுக்கு இனி இந்த ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவரிடம் பழைய பவரைச் சொல்ல வேண்டும்.

கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர்கள், கண்ணில் பந்தோ கையோ பலமாகப் பட்டவர்கள், இன்னொரு கண்ணில் ஏற்கெனவே விலகல் வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்தவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டியவர்கள். அடிபட்டவர்களுக்கு விலகல் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். "ஓரத்தில் லேட்டிஸ் இருக்கிறது" என்று சீட்டில் எழுதியிருந்தால் பதற வேண்டாம். நூறு பேரைப் பார்த்தால் ஏழெட்டுப் பேருக்கு அந்த மெலிவு இருக்கும், பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. வருடம் ஒரு முறை பாவையை விரித்துப் பார்த்தால் போதும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் விலகல் வேறு வகை. விழித்திரையில் முளைக்கும் புது ரத்தக்குழாய்களும் தழும்பும் சுருங்கி அதைப் பிடித்து இழுத்துத் தூக்கும். அங்கே மின்னல் எச்சரிக்கை எதுவும் பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் பார்வை நன்றாக இருக்கும்போதே வருடம் தவறாமல் பார்க்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் அம்மா பயப்பட மாட்டார். சொட்டு மருந்து கொஞ்சம் எரியும். பாவை விரிய 20, 30 நிமிடம். பிறகு படுக்க வைத்து, மருத்துவர் தலையில் விளக்கு மாட்டி, கையில் லென்ஸ் பிடித்து, மேலே பார், கீழே பார், மூலையைப் பார் என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். இமையின் மேல் சிறிய கருவியால் அழுத்துவார். ஓரம் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால்தான் அங்கே ஒளிந்திருக்கும் கிழிசல் தெரியும். இது சங்கடமாக இருக்கும், ஆனால் இந்தப் பரிசோதனையின் உயிரே இதுதான். ரத்தம் கசிந்து உள்ளே தெரியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். கூச்சமும் மங்கலும் நாலு முதல் ஆறு மணி நேரம் நிற்கும், எனவே அம்மா வண்டி ஓட்டக் கூடாது. வெளியே வரும்போது கறுப்புக் கண்ணாடி இருந்தால் ஆறுதலாக இருக்கும்.

"ஓரம் வரை பார்த்துவிட்டீர்களா, கிழிசல் இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை, நல்ல கேள்வி அது. கிழிசல் இல்லை, கூழ் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னால் பெரிய நிம்மதி. ஆனாலும் சில வாரம் கழித்து இன்னொரு முறை வரச் சொல்வார்கள். கூழ் முழுதாகப் பிரிந்து முடிய நாளாகும், அந்த இடைவெளியில் புதுக் கிழிசல் வரலாம். அந்த மறுபரிசோதனையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இடையில் புள்ளி கூடினாலோ நிழல் வந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுப் பார்ப்பது, கண் பயிற்சி, இரண்டு நாள் ஓய்வெடுத்துப் பார்ப்பது, இவற்றில் எதுவும் கிழிந்ததை ஒட்டவைக்காது. ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே ஓய்வைத் தவிர வேறு வழி தெரியாமல் இருந்தது. 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்ட பிறகுதான் விலகல் என்பதையே தெளிவாகப் பார்க்க முடிந்தது. பார்த்தும் என்ன செய்வது? கண்ணைக் கட்டி வாரக்கணக்கில் படுக்கையில் போட்டார்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் பார்வை போனது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துக் கண் மருத்துவர் ஜூல் கோனான், கிழிசல்தான் மூல காரணம், அதைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்றார். பழுக்கக் காய்ச்சிய கருவியால் கிழிசல் இருக்கும் இடத்தைச் சுட்டு அடைத்தும் காட்டினார். பலர் ஒத்துக்கொள்ள மறுத்தார்கள், 1920களின் முடிவுக்குள் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இன்று செய்யும் எல்லாச் சிகிச்சைக்கும் அடிப்படை அவர் சொன்னதுதான்: கிழிசலை விடாதே.

விலகல் என்றே ஆகிவிட்டால் மூன்று வழிகள் உண்டு. கண்ணின் வெளிச்சுவரில் சிலிகான் பட்டை வைத்துச் சுவரையே உள்ளே அழுத்தி விழித்திரையோடு சேர்ப்பது ஒன்று. கண்ணுக்குள் வாயுக் குமிழியை ஊசியால் செலுத்தி, தலையைச் சாய்த்து வைத்து, குமிழி கிழிசலை அடைத்துப் பிடிக்கும்படி செய்வது இன்னொன்று. எல்லாக் கிழிசலுக்கும் இது பொருந்தாது. இப்போது அதிகம் செய்வது விட்ரெக்டமி. 1970களின் தொடக்கத்தில் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கமர் உருவாக்கிய முறை அது. மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகள் வழியே கூழை வெட்டி எடுத்து, நீரை வடித்து, லேசர் போட்டு, வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புவார்கள். முதல் அறுவை சிகிச்சையிலேயே ஒட்டிவிடுவது 85 முதல் 90 சதவீதம் பேருக்கு. மீதிப் பேரில் பலருக்கு இரண்டாவது, மூன்றாவது தேவைப்படும். தாமதமாக வந்தவர்களுக்கு விழித்திரை மேல் தழும்பு படர்ந்து சுருக்கிவிடும். தோல்விக்குப் பெரிய காரணம் அதுதான்.

வாயு வைத்தவர்களுக்கு வீட்டில் இருப்பவர்களின் துணை நிறைய வேண்டும். குமிழி எப்போதும் மேலே மிதக்கும், எனவே கிழிசல் மேலே வரும்படி தலையை வைத்திருக்க வேண்டும். சிலருக்கு நாள் கணக்கில் குப்புறவோ ஒருக்களித்தோ இருக்கச் சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தாழ்வாக வைப்பது, நெற்றிக்குத் தலையணை அண்டக் கொடுப்பது, கழுத்தைப் பிடித்துவிடுவது எல்லாம் சிகிச்சையின் பகுதிதான். வாயு கரையும்வரை, வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை, விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறைய வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறிப் பார்வையையே அழித்துவிடும். மலைப்பாதைப் பயணமும் மருத்துவரைக் கேட்டுத்தான். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். எண்ணெய் வைத்தால் பறக்கலாம், ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு முறை அரங்கத்துக்குப் போக வேண்டும். விட்ரெக்டமிக்குப் பின் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓரிரு வருடத்தில் கண்புரை வருவது சாதாரணம். மறுபடி பார்வை மங்குகிறதே என்று அம்மா கலங்கினால், மருத்துவரிடம் காட்டி இது புரையா என்று கேளுங்கள். புரைதான் என்றால் சரி செய்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. இன்று போகும்போது இடது கண்ணுக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் நீண்ட கண்கள், ஒன்றில் கூழ் பிரிந்தால் மற்றதிலும் பெரும்பாலும் அடுத்த சில வருடங்களில் பிரியும். "அது நல்லாத்தானே இருக்கு, அதுல எதுக்கு" என்று அம்மா சொல்வார். இருந்தாலும் பார்க்கச் சொல்லுங்கள். பவர் பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. நீங்களும் மைனஸ் கண்ணாடி போடுபவரென்றால், அம்மாவுக்குப் பாவை விரியக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் பெயரையும் ஒரு தேதிக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.